பச்சைத் தாள் ஒட்டும் சிவகாமி

காஜா பெராங் சடக்கில் மாணிக்கவாசகம் குஷன் கடை எங்கே என்று கேட்டால் ஆட்கள் தலையைச் சொறிவார்கள். சிவகாமி கடை எங்கே என்று கேட்டால் மூன்று பேர் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள். கடை என்னவோ மாணிக்கவாசகத்தினுடையதுதான். பலகையில் அவர் பெயர்தான் இருந்தது. மோட்டார் காடி இருக்கைகளுக்கு மெத்தை தைத்ததும் அவர்தான். ஆனால் காடிக் கண்ணாடியில் பச்சைத் தாள் ஒட்டியது அவர் மனைவி சிவகாமசுந்தரி. ஊருக்கு ஞாபகம் இருந்தது அவளைத்தான். இதில் மாணிக்கவாசகத்துக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார்.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் அது. துரைமார்கள் விற்றுவிட்டுப் போன காடிகளை நம் ஆட்கள் வாங்கி ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். வாங்கிய மறுநாளே அவர்களுக்கு வெயிலில் கண் கூச ஆரம்பித்துவிடும். துரைமார்களுக்குக் கூசாத வெயில் நமக்கு மட்டும் எப்படிக் கூசியது என்று கேட்கக்கூடாது; அவர்கள் பின் இருக்கையில் சாய்ந்துகொண்டு போனவர்கள். சிங்கப்பூரிலிருந்து சுருள் சுருளாக வரும் மெல்லிய பச்சைத் தாளை முன் கண்ணாடியின் உள்பக்கத்தில், மேல் பாதியில் ஒட்டிக்கொண்டால் சூரியன் கொஞ்சம் மரியாதை கொடுப்பான். தாளின் முதுகில் பசை இருக்கும். தண்ணீரில் நனைத்து, கண்ணாடியில் வைத்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துத் தள்ள வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

முதல் தாளை மாணிக்கவாசகம்தான் ஒட்டினார். தையல் மிஷின் முன்னால் அவர் புலி. தாள் முன்னாலோ அவசரக்குடுக்கை. ஒட்டி முடித்தபோது அந்தப் பள்ளிக்கூட வாத்தியாரின் காடிக் கண்ணாடி அப்பளம் பொரித்தது போல இருந்தது. வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் சிவகாமி தாளை உரித்துப்போட்டுவிட்டு இன்னொன்றை நனைத்தாள். அன்றைக்கு ஆரம்பித்த வேலை.

அவளுக்கு அந்தக் கை எப்படி வந்தது என்றால், தோட்டத்தில் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் கித்தா தோட்டத்துப் புகைக் கொட்டகையில் வேலை செய்தவள். காய்ந்து வந்த ரப்பர் தகடுகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குமிழி எங்கே, தூசி எங்கே, பூஞ்சணம் எங்கே என்று பார்த்துக் கத்தரிக்க வேண்டும். விட்டால் கணக்கெழுதும் கிராணி திட்டுவார். பல வருஷம் தகட்டுக்குள் குறை தேடிய கண், காடிக் கண்ணாடிக்கு வந்தபோது அதே வேலையைத் தானாகச் செய்தது.

குறைகளுக்கெல்லாம் அவள் நோயின் பெயரை வைத்திருந்தாள். தாளுக்கு அடியில் தூசி மாட்டிப் புள்ளி புள்ளியாக எழும்பினால் அது அம்மை. காற்று புகுந்து உப்பினால் கொப்புளம். ஒட்டிய ஈரம் முழுதாகக் காயாமல் வெளிறித் திட்டுத் திட்டாக நின்றால் தேமல். அதை ஒன்றும் செய்ய வேண்டாம், வெயிலில் நிறுத்தினால் தானே போய்விடும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து வில் வில்லாகக் கீறல் விழுந்தால் அது சொறி. எதையும் தொடுவதற்கு முன் அவள் பார்ப்பாள். வெளியே நின்று பார்ப்பாள், உள்ளே உட்கார்ந்து பார்ப்பாள், பக்கவாட்டில் குனிந்து பார்ப்பாள். குறை கண்ணாடிக்கு வெளியேயா, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலா, தாளின் மேலேயா என்று முடிவு செய்த பிறகுதான் விரல் வைப்பாள். “தொட்டுட்டுப் பார்த்தா, உன் கைரேகையையும் சேர்த்துத்தான் பார்ப்ப” என்று புருஷனுக்கே சொல்லியிருக்கிறாள்.

காடியை எடுத்துப்போக வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கட்டளை. “உள்பக்கம் தண்ணி படக்கூடாது. சவுக்காரம் படவே கூடாது. பசை விட்டுடும். இறகுத் துடைப்பத்தால தூசி தட்டுங்க, போதும்.” ஆஸ்பத்திரி நர்ஸ் கூட அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லமாட்டாள். பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டுக் காற்றில் விட்டுவிடுவார்கள். ஒருவர் மட்டும் கோயில் உத்தரவு போலக் கடைப்பிடித்தார். அவர்தான் டாக்சி இராமலிங்கம்.

இராமலிங்கம் கம்போங் செட்டிக்காரர், தலைமுறை தலைமுறையாக மலாய் மண்ணிலேயே வாழ்ந்துவிட்ட செட்டிகளின் வம்சம். பெயர் தமிழ், சாமி மாரியம்மன், நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி சம்பந்தமான சில சொற்களும், அண்ணே, தங்கச்சி என்ற முறைகளும்தான். அவரும் சிவகாமியும் பேசிக்கொண்டதெல்லாம் மலாயில். அதைத் தமிழில் சொல்லிவிடுவது கதை சொல்கிறவன் எடுத்துக்கொண்ட உரிமை. ஆள் நல்ல நெட்டை. சாதாரண ஆளுக்கு நெற்றிக்கு மேல் வரும் பச்சைத் தாள் அவருக்குச் சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். தம்பின் ஊர் ரயிலடிக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும்போது வெயில் முகத்தில் அறைகிறது என்று, அவரே கொஞ்சம் அகலமாக ஒட்டச் சொல்லி ஒட்டிக்கொண்டார்.

அவருக்குச் சிவகாமி பட்டிருந்த கடன் காசில் அடையாதது. தாள் ஒட்டத் தொடங்குவதற்கு முன்பே, மூத்த பெண் மல்லிகா வயிற்றில் இருந்தபோது, அவள் பத்து பெரெண்டாம் ஊருக்கு அப்பால் தோட்டத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். வலி எடுத்த அன்று மழை வெள்ளம் சடக்கை விழுங்கியிருந்தது. வேறு டாக்சிக்காரர்கள் எல்லாம் தலையை ஆட்டிவிட்டார்கள். இராமலிங்கம் வந்தார். தண்ணீர் இஞ்சினுக்குள் ஏறிக் காடி நடுவழியில் நின்றபோது, பின் இருக்கையை அப்படியே பெயர்த்து எடுத்து, அவளை அதில் படுக்கவைத்து, தானும் தோட்டத்து ஆட்களுமாகத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்து அக்கரையில் நின்ற லாரியில் ஏற்றினார். காடி என்ன ஆகும் என்று வலிக்கு நடுவிலும் அவள் அழுதபோது, “குளிக்கட்டும், அது குளிச்சு ரொம்ப நாளாச்சு” என்றார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். காடி ரொம்ப நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தது. இருக்கையைத் தூக்கி நடந்த அந்த மனுஷனை நினைக்காமல் அவள் சாமி கும்பிட்டதே இல்லை.

அந்த இராமலிங்கம் ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்து, பச்சைத் தாளை உரித்துவிடு, இருக்கையில் கிழிசல் இருந்தால் தைத்துவிடு என்றார்.

“ஏண்ணே, தாள் நல்லாத்தானே இருக்கு?”

“வாங்குறவருக்கு வேண்டாமாம். மூவார் டவுன்ல கடை வச்சிருக்கிற சீனத் தவுக்கே ஒருத்தர் நாளைக்கு வந்து காடியை எடுத்துக்கிறார்.”

சிவகாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இராமலிங்கம் காடியை விற்பதாவது! பெண் கொடுத்த இடத்தில்கூட மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் காடியைப் பற்றி விசாரிக்கிற ஆள். “வேற காடி வாங்குறீங்களா?” என்றாள். “இல்ல. போதும், வயசாச்சு” என்றார். அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அவள் மேலே கேட்க வாயெடுத்தபோது, அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாணிக்கவாசகம் கோப்பி வாங்கிவரப் போனதும் அவளால் பொறுக்க முடியவில்லை. நேரே போய் எதிரில் நின்றாள். “அண்ணே, என் பிள்ளை மேல சத்தியமாக் கேக்குறேன். என்ன விஷயம்?”

அவர் வாசலைப் பார்த்தார், மாணிக்கவாசகம் இன்னும் வரவில்லை. பிறகு சொன்னார். “கண்ணு போகுது, தங்கச்சி.”

சாயங்காலம் எதிரே வரும் காடி விளக்கையெல்லாம் சுற்றி வளையம் கட்டுகிறது. சடக்கு பால் ஊற்றியது போல வெளிறிப்போகிறது. எதிர் வெயிலில் ஆளும் தெரிவதில்லை, மாடும் தெரிவதில்லை. முந்தைய வாரம் ஆயர் கெரோவில் ஒரு சைக்கிள்காரனை மயிரிழையில் தவறவிட்டார். அவன் திட்டிவிட்டுப் போய்விட்டான். இவர் ஓரமாக நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். “அப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சது. வளையம், வெள்ளை, அப்புறம் இருட்டு. நான்தான் கையைப் பிடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன்.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“காட்டினா அவர் வாயால சொல்லிடுவார் இல்ல?”

சிவகாமிக்கு, இந்த மனுஷனுக்கா என்று இருந்தது. கடவுளிடம் அவள் அன்றைக்குச் சண்டை போட்டிருப்பாள். அதற்குள் மாணிக்கவாசகம் கோப்பியோடு வந்துவிட்டார். வந்தவர், நின்றுபோன தையலைத் தொடர உட்கார்ந்தார். கறுப்பு ரெக்சின், கறுப்பு நூல். கடையின் இந்தக் கோடியில் பெஞ்சில் இருந்த இராமலிங்கம் கோப்பியை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, “அங்கே ஒரு தையல் விட்டுப்போச்சே” என்றார்.

“எங்கே? ஒண்ணும் விடல” என்றார் மாணிக்கவாசகம்.

“மடிப்புக்குக் கீழே, இடது பக்கம்.”

மாணிக்கவாசகம் குனிந்து, விரலால் தடவி, மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டத்தில் பார்த்து, கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே ஊசியை எடுத்தார். விட்டுத்தான் போயிருந்தது.

சிவகாமி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். கறுப்பில் கறுப்புத் தையல் விட்டதைக் கடையின் இந்தக் கோடியிலிருந்து கண்டுபிடிக்கிற கண்ணா போகிற கண்?

இப்போதே சொல்லி, அது தப்பாகிவிட்டால் ஆசை காட்டி மோசம் செய்த மாதிரி ஆகிவிடும். காடியிடம் போனாள். தகரக் கூரை நிழலில் நின்ற காடியின் கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. அம்மை இல்லை, கொப்புளம் இல்லை, தேமல் இல்லை. அவள் ஒட்டிய வேலை ஒட்டினபடியே இருந்தது. “காடியைத் திருப்புங்கண்ணே. மூக்கு மேற்கே இருக்கட்டும்” என்றாள்.

வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். இராமலிங்கத்தின் உயரம் வர இரண்டு குஷனை அடியில் போட்டுக்கொண்டாள். பார்த்தாள்.

ஒன்றுமே தெரியவில்லை. சடக்கு இல்லை, எதிர்க்கடை இல்லை. பச்சையாக ஒரு பால் திரைதான் தெரிந்தது.

இறங்கி வெளிப்பக்கத்தைத் துடைத்தாள், திரை அப்படியே இருந்தது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சுத்தம். அப்படியானால் தாளின் மேலே. எச்சில் தொட்டு விரலால் தேய்த்தாள், போகவில்லை. தண்ணீருக்கும் அசையவில்லை. நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி நகத்துக்குள் ஏறியது. இந்தப் பிசுக்கை அவளுக்குத் தெரியும். தோட்டத்தில் புகைக் கொட்டகை ஜன்னலில் வருஷக்கணக்காகப் படிந்து கிடந்தது இதன் அண்ணன்தான். ஆனால் டாக்சிக்குள் யார் புகை போட்டார்கள்? இராமலிங்கம் சுருட்டுக்கூடப் பிடிக்கமாட்டார்.

பம்பு விளக்கு பற்றவைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, தாளின் மூலையில் முதலில் வைத்துப் பார்த்தாள். தாளுக்குச் சேதம் இல்லை. பிறகு இராமலிங்கத்தின் கண் வருகிற இடத்தில், ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்கு மட்டும் வட்டமாகத் துடைத்தாள். பஞ்சு பழுப்பாக வந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

சாம்பிராணி. வெள்ளிக்கிழமை வீட்டு வாசனை.

“அண்ணே, காடிக்குள்ள சாம்பிராணி போடுறீங்களா?”

“வீட்டுக்காரி கண்ணம்மா போடுவா. வெள்ளிக்கிழமைதோறும். காடி வாங்கின நாளா உண்டு. இப்போ கொஞ்ச நாளா அதிகமாவே போடுறா. நானே சொன்னேன், எனக்காக நல்லா வேண்டிக்கோன்னு. என்னத்துக்குன்னு சொல்லல.”

“கண்ணாடியை ஏத்தி விட்டா, இறக்கி விட்டா?”

“ஏத்தித்தான். புகை உள்ளேயே நிக்கணும்னு.”

“உள்பக்கம் எப்போ கழுவினீங்க?”

இராமலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “கழுவுறதா? நீ ஒட்டிக் கொடுத்த நாள்லேருந்து ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்லை. இறகுத் துடைப்பம்தான். நீ சொன்னியே!”

சிவகாமி தலையில் அடித்துக்கொண்டாள். யாரைக் குற்றம் சொல்வது? தாள் கெடக்கூடாதென்று அவள் சொன்னது நல்ல மனசு. அதை அட்சரம் பிசகாமல் கேட்டது அவருடைய நல்ல மனசு. புருஷன் நல்லபடி திரும்பவேண்டும் என்று புகை போட்டது கண்ணம்மாவின் நல்ல மனசு. மூன்று நல்ல மனசும் சேர்ந்து ஒரு கண்ணாடியைக் குருடாக்கியிருந்தன. கண்ணுக்காக வேண்ட வேண்ட, கண் இன்னும் மங்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதனால் அவரும் ஒருநாள்கூடக் காடியை விட்டு இறங்கி நின்று ஒரு விளக்கைப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் இருங்க. விளக்கு ஏத்துற நேரம் வரட்டும்” என்றாள். மிச்சத்தை அவள் துடைக்கவே இல்லை. வட்டத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள்.

பொழுது சாய்ந்தது. எதிரே கோப்பிக் கடையில் விளக்கு எரிந்தது. சடக்கில் சைக்கிள் விளக்குகளும் காடி விளக்குகளும் வரத் தொடங்கின. இராமலிங்கத்தை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கதவுப்பக்கம் நின்றுகொண்டாள்.

“எதிர்க்கடை விளக்கைப் பாருங்க. வளையம் இருக்கா?”

“இருக்கு. பெரிசா.”

“இப்போ கொஞ்சம் தலையைச் சாய்ச்சு, இந்த வட்டத்துக்குள்ள பாருங்க.”

அவர் சாய்த்தார். அசையாமல் இருந்தார். பிறகு நிமிர்ந்தார். மறுபடி சாய்த்தார். நிமிர்ந்தால் வளையம், சாய்த்தால் வெறும் விளக்கு, கண்ணாடிக் குமிழுக்குள் எரிகிற இழைகூடத் தெரிகிற விளக்கு. ஒரு காடி வந்தது, நிமிர்ந்து பார்த்தார். இன்னொன்று வந்தது, சாய்ந்து பார்த்தார். சின்னக் குழந்தை தொட்டிலில் ஆடுவது போல அந்த நெட்டை மனுஷன் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தார். மாணிக்கவாசகம்கூட ஊசியைக் குத்திவைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

“கண்ணு போகல,” என்றாள் சிவகாமி. “கண்ணாடிதான் போச்சு. நான்தான் கழுவாதீங்கன்னேன்.”

இராமலிங்கம் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தார். முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தார்கள். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டும் இருந்தார். “சுடா லா” என்றார், போதும் போதும் என்பது போல. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சிவகாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்பிரிட் குப்பியை எடுத்து முழுக் கண்ணாடியையும் துடைக்க ஆரம்பித்தாள். இந்த மனுஷனுக்கு ஏதாவது ஒன்று செய்ய வைத்தாயே என்று மாரியம்மனுக்கு மனசுக்குள் ஓயாமல் நன்றி சொல்லிக்கொண்டே துடைத்தாள். டாக்டரிடமும் ஒருநடை காட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் மூவார் தவுக்கே வந்து, கோப்பி குடித்துவிட்டு, காடி இல்லாமல் திரும்பிப்போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் கண்ணம்மா கடைக்கு வந்தாள். மலாய்ப் பெண்கள் உடுத்துகிற சாரோங் கெபாயா, கொண்டையில் பூ, கையில் மூடிய தட்டு. சிவகாமிக்குத் திக்கென்றது. சாம்பிராணியைக் குற்றம் சொல்லிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாளோ என்னவோ.

“அக்கா, சாம்பிராணி மேல தப்பே இல்ல. கண்ணாடியை இறக்கி விட்டுட்டுத் தாராளமாப் போடலாம்...”

“எனக்கு முன்னாடியே தெரியும், சிவகாமி.”

“என்னது?”

“அவர் கண்ணைப் பத்திப் பயப்படுறார்னு. வீட்டுக்குள்ள கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நடந்து பழகினார். கதவிலேருந்து சமையல்கட்டுக்கு, சமையல்கட்டிலேருந்து கிணத்தடிக்கு. நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு.” கண்ணம்மா தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “அவர் சொல்லல, நானும் கேக்கல. வெள்ளிக்கிழமை காடிக்குள்ள உட்கார்ந்து, புகை போட்டு, என் கண்ணை எடுத்துக்கோ, அவருக்குக் கொடுத்துடுன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். வேண்டுதல் வெளியே போயிடக்கூடாதுன்னு கண்ணாடியையெல்லாம் ஏத்தி விட்டேன்.”

சிவகாமி பெஞ்சை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“ஆத்தா என் கண்ணையும் எடுக்கல, அவர் கண்ணையும் எடுக்கல,” என்றாள் கண்ணம்மா. “காடிக் கண்ணாடியோட நிறுத்திக்கிட்டா.” தட்டின் மூடியைத் திறந்து காட்டினாள். தேங்காய், பழம், பூ, நடுவில் வெள்ளியில் செய்த இரண்டு கண்கள். “கோயிலுக்குத்தான் போறேன். நீயும் வா.”

சிவகாமி பசைக் கையைக்கூடக் கழுவாமல் அவளோடு இறங்கி நடந்தாள்.